பவளக்கல் ஜல்லியில் பைபர் போட்டும் காங்கிரீட் ஓரம் உதிர்கிறது, என்ன செய்யலாம்?

மண்டபத்துக்காரன்: தாத்தா காலத்து வீட்டை இடித்தோம். சுவர் முழுக்கப் பவளக்கல், சுண்ணாம்புச் சாந்து. அந்தக் கல்லையே ஜல்லியாக உடைத்து, பிளாஸ்டிக் பைபரும் (மெல்லிய நார் இழை) சேர்த்து, கொல்லைத் தளத்துக்கு மாதிரி போட்டுப் பார்த்தோம். சட்டியில் அள்ளுவதற்குள் கலவை இறுகுகிறது. கொத்தனார் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார். காய்ந்தபின் வெடிப்பு இல்லை, ஆனால் ஓரத்தைச் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. பைபரைக் கூட்டினால் சரியாகுமா? இதிலேயே கம்பி கட்டி சன்ஷேடும் போடலாம் என்கிறார்.

சைட் இன்ஜினியர்: கூட்டாதீங்க தம்பி. கல் உடைந்த முகத்தைப் பாருங்க, தேன்கூடு மாதிரி ஓட்டை. கலவைத் தண்ணீரை அதுவே குடித்துவிடும். அப்புறம் ஊற்றுகிற தண்ணீர் சாந்தில் தங்கி பலத்தைக் கெடுக்கும். தூளைச் சலித்துத் தள்ளிவிட்டு, ஜல்லியை முதல் நாளே ஊறப்போட்டு, மேல் ஈரம் வடிந்ததும் கலக்குங்க.

வெடிப்பு வராததுதான் பைபர் செய்த வேலை. அமுக்கு வலிமையை, அதாவது பாரம் தாங்கும் பலத்தை, அது பெரிதாக ஏற்றாது. கன மீட்டருக்கு 900 கிராம் போதும். மீறினால் உருண்டு திரண்டு கலவை இன்னும் இறுகும். பவளக்கல்லில் சாந்துக்கு முன்னால் கல்லே பிளந்துவிடும், அதற்குப் பைபரிடம் மருந்து கிடையாது.

சன்ஷேடுக்கு வேண்டவே வேண்டாம். கல்லுக்குள் கடல் உப்பு இருக்கு. கம்பி உள்ள காங்கிரீட்டில் உப்பிலுள்ள குளோரைடு கன மீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டக்கூடாது என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000. ஊறவைத்தால் மேல் உப்பு கொஞ்சம் போகும், உள்ளே இருப்பது கம்பியைத் தின்னும். கடலோரத்துக்கு எம்30 தரக் காங்கிரீட், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45, கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர் (காங்கிரீட் மூடல்) வேண்டும். கருங்கல் ஜல்லியே வாங்குங்க.

பாம்பன் வாசி: ஒன்று கவனிக்கணும். 2001 முதல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது கடும் பாதுகாப்புப் பட்டியலில், இருக்கு. கடலிலிருந்து எடுத்தால் வழக்குதான். பழைய கல்லாக இருந்தாலும் வனத்துறையில் கேட்காமல் மேற்கொண்டு உடைக்கவோ வண்டியில் ஏற்றவோ செய்யாதீங்க.

மண்டபத்துக்காரன்: கேட்டுவிடுகிறேன். அப்படியென்றால் பழைய வீடு இத்தனை காலம் எப்படி நின்றது அண்ணே?

சைட் இன்ஜினியர்: அதில் கம்பி ஏது, துருப்பிடிக்க? தனுஷ்கோடி தேவாலயத்தின் பவளக்கல் சுவர் 1964 புயலுக்கு அப்புறமும் நிற்குதே. கல் சுவருக்கு ஆகும், கம்பிக்குத்தான் ஆகாது.

மண்டபத்துக்காரன்: ஊறவைக்க வீட்டு போர் தண்ணீர் போதுமா?

சைட் இன்ஜினியர்: வாயில் வைத்தால் கரிக்குதா? கரித்தால் ஊறவைக்கவும் கலக்கவும் லாரித் தண்ணீர்தான்.