பெட்ரோல் பங்க் கூப்பன், ‘இலவச’ மூணாறு, ஞாயிறு மாலை 4 மணி: போகலாமா?

பெருங்குடி_பாலா

வணக்கம். மூன்று வாரத்துக்கு முன்னால் பெட்ரோல் பங்கில் ஒரு பையன் கூப்பனை நீட்டினான். வரிசையில் நின்ற சலிப்பில் பேரையும் செல் நம்பரையும் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு மறந்துபோனேன். நேற்று போன் வந்தது. “வாழ்த்துகள் சார், மூணாறில் 3 பகல் 2 இரவு உங்களுக்கு இலவசம்.” ஞாயிறு மாலை 4 மணிக்கு ஒரு ஹோட்டலுக்கு நேரில் போய் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். மேடமும் கட்டாயம் வர வேண்டுமாம். கார் உண்டா, கிரெடிட் கார்டு உண்டா, சொந்த வீடா, வயது என்ன என்று வரிசையாகக் கேள்விகள். பரிசு கொடுப்பவர்களுக்கு என் கிரெடிட் கார்டு எதற்கு?

அலுவலகத்தில் விசாரித்தேன். டைம்ஷேர், அதாவது மொத்தமாகப் பணம் கட்டினால் வருஷா வருஷம் சில நாள் ரிசார்ட்டில் தங்கலாம் என்று விற்கிற கூட்டம் என்றார்கள். வாங்கும் உத்தேசம் எனக்கில்லை. ஒன்றும் வாங்காமல் பரிசை மட்டும் வாங்கிக்கொண்டு வர முடியுமா? மனைவிக்கு மூணாறு மேல் ஒரு கண். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் மகாபலிபுரம் தாண்டவில்லை.

குரோம்பேட்டை_பென்ஷனர்

தம்பி, வாங்காமல் வரலாம். நானும் என் வீட்டுக்காரியும் போன வருஷம் ஆடி மாதத்தில் அப்படித்தான் வந்தோம். ஆனால் 90 நிமிஷம் என்று கூப்பிட்டுவிட்டு மூன்றே முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். நடுவில் நானே பர்ஸைத் திறந்துவிட்டேன். இத்தனைக்கும் 34 வருஷம் வங்கியில், அதிலும் கடன் பிரிவில் இருந்தவன். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ‘என்னிடம் பலிக்காது’ என்ற தைரியத்தில் மட்டும் போகாதீர்கள்.

ஹால் முழுக்க வட்ட மேஜைகள். மேஜைக்கு ஒரு ஜோடி, கூடவே அவர்கள் ஆள் ஒருவர். பாட்டு அலறுகிறது. பக்கத்து மேஜையில் என்ன பேரம் நடக்கிறது என்று காதில் விழாது. நாமும் மனைவியும் குசுகுசுவென்று ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவும் முடியாது. சத்தம் அதற்காகத்தான் என்பது வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை மைக்கில் ஒரு குடும்பத்தின் பேரைச் சொல்லி ‘நம் குடும்பத்தில் சேர்ந்துவிட்டார்கள்’ என்பார்கள். எல்லோரும் கை தட்ட வேண்டும். நானும் தட்டினேன். அதில் எத்தனை குடும்பம் நிஜமோ, பெருமாளுக்குத்தான் வெளிச்சம்.

எங்களுக்கு வாய்த்தவன் தங்கமான பையன், திருநெல்வேலிப் பக்கம். முதல் அரை மணி நேரம் ரிசார்ட் என்ற பேச்சே எடுக்கவில்லை. ஊர், பிள்ளைகள், பேத்தியின் படிப்பு, என் முட்டிவலி. என் மனைவியை ‘மேடம்’ என்று ஆரம்பித்தவன், காபி வருவதற்குள் ‘அம்மா’வுக்கு வந்துவிட்டான். “அம்மா, சார் உங்களைக் கடைசியா எங்க கூட்டிட்டுப் போனார்?” நான் என்ன பதில் சொன்னாலும் குற்றவாளிதான். அவள் “திருப்பதி, அதுவும் பஸ்ஸில” என்றாள். முடிந்தது கதை.

அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தான். எங்களுக்கு நேராகத் தெரிகிற மாதிரி, தன் பக்கத்திலிருந்து தலைகீழாகவே எழுதிக்கொண்டு போனான். அந்த வித்தையைப் பார்த்து நான் வாயைப் பிளந்ததில் கணக்கைக் கவனிக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு டூர், 40,000 ரூபாய். விலைவாசி ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறும் என்று வைத்தால் 25 வருஷத்தில் 29 லட்சம். அதன் கீழே இரண்டு கோடு. அதற்கும் கீழே உறுப்பினர் கட்டணம் 3,40,000. “29 லட்சம் எங்க, மூணே சொச்சம் எங்க சார்?”

அந்த 29 லட்சம் சரிதான், கூட்டிப் பார்த்துவிட்டேன். தாளில் எழுதாமல் விட்டதுதான் வினை. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று நாலு தடவை கேட்டேன். மூன்று தடவை “அது ரொம்ப நாமினல் சார்” என்றான். நாலாவது தடவை 18,000 என்று வந்தது. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி, அதாவது 21,240. வருஷா வருஷம் ஏறும். நாம் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும்.

பிறகு மேனேஜர் என்று ஒருவர் வந்து, சிவப்பு மையில் 3,40,000ஐ அடித்து 2,60,000 ஆக்கினார். இன்று இரவு வரைக்கும்தானாம். இதற்கு மேல் என் கணக்கைப் பாருங்கள். ஜிஎஸ்டியோடு 3,06,800. அதை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் வருஷ வட்டி 21,476. பராமரிப்பையும் சேர்த்தால் 42,716. அவர்கள் தருவது வருஷத்துக்கு ஆறு இரவு. ஆக இரவுக்கு 7,119 ரூபாய், சாப்பாடு நம் செலவு. அதுவும் முதல் வருஷக் கணக்கு. வங்கியில் போட்டால் அசல் நம்மிடமே இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இஎம்ஐ என்றால் அதற்கும் வட்டி.

இந்தக் கணக்கை அங்கே உட்கார்ந்து போட்டேன் என்று நினைக்காதீர்கள். அங்கே எனக்கு மூளை ஓடவில்லை. ‘சரி, அட்வான்ஸ் மட்டும்’ என்று பர்ஸைத் திறந்த நேரத்தில், அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பையன் மெதுவாகக் கையை நீட்டி, “சார், அதைக் கொடுத்துடுங்க, வெளிய கொண்டு போகக் கூடாது, கம்பெனி ரூல்” என்றான். மூன்று மணி நேரமாக எனக்காகவே எழுதிய கணக்கு, அதை நான் வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது! அங்கேதான் தெளிந்தது. என் மனைவி அதற்குள், “கார்டை வீட்டிலேயே வெச்சுட்டு வந்துட்டோம்பா” என்றாள். கார்டு என் பர்ஸில் துருத்திக்கொண்டு தெரிகிறது. அவள் கைப்பையில் இன்னொன்று. அவ்வளவுதான், அந்தப் பையன் முகத்தில் இருந்த ‘அம்மா’ போய்விட்டது. பாவம், அவனுக்கும் மாத டார்கெட் இருக்கும்.

பரிசு கிடைத்தது. வார நாளில் மட்டும், 45 நாள் முன்னால் சொல்ல வேண்டும், ஆளுக்கு 1,500 ‘சேவைக் கட்டணம்’, சாப்பாடு அங்கேயே வாங்க வேண்டும். காலாவதியாகி பீரோவில் கிடக்கிறது.

பொள்ளாச்சி_மீனா

பென்ஷனர் ஐயா சொல்வது எல்லாம் நடப்பதுதான். ஆனாலும் நான் 11 வருஷமாக உறுப்பினர், வருத்தமில்லை. எங்கள் வீட்டில் ஏழு பேர். ஹோட்டல் என்றால் மூன்று ரூம் வேண்டும். இங்கே சமையலறையோடு ஒரே வீடு மாதிரி கிடைக்கிறது. மாமியாருக்குக் காலையில் கஞ்சி வைத்துக் கொடுத்துவிடலாம். குன்னூர், மடிக்கேரி, தேக்கடி எல்லாம் அப்படித்தான் பார்த்தோம்.

ஆனால் புக்கிங் திறக்கிற அன்று காலையில் அலாரம் வைத்து எழுந்து உட்கார வேண்டும். மே மாதமும் தீபாவளியும் விலை அதிகமான சீசனில் இருக்கும். மலிவான சீசனுக்கான உறுப்பினர் உரிமையை வாங்கிவிட்டு, பள்ளி லீவில் ரூம் இல்லை என்று சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். முதல் வருஷம் பராமரிப்புக்கு 9,000 கட்டினோம், இப்போது 22,000. ஆறு மாதத்துக்கு முன்னால் திட்டம் போடத் தெரியாத வீட்டுக்கு இது ஒத்து வராது. புதுசாகக் கல்யாணமானவர்கள், நாளைக்கு வெளியூர் மாற்றல், குழந்தை என்று வரும். இப்போது வேண்டாம் பாலா.

ஸ்கார்பரோ_செல்வி

நாங்கள் பிள்ளைகளோடு ஓர்லாண்டோவுக்குப் போன நேரம் டிஸ்னி டிக்கெட் பாதி விலை என்று சொல்லிக் கூப்பிட்டவை. காலைச் சாப்பாடும் தந்தவை. இவர் கையெழுத்துப் போட்டிட்டார்! இரவு ஹோட்டல் அறையில் எனக்குச் சரியான கோபம். நல்ல காலம், புளோரிடா சட்டத்தில் 10 நாளுக்குள்ளே எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். ஆறாம் நாள் பதிவுத் தபாலில் அனுப்பினோம், காசு திரும்பி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள். இந்தியாவில் எப்படி?

கோர்ட்_வாசல்

இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. அதனால் சட்டப்படி ‘இத்தனை நாள்’ என்று எதுவும் இல்லை. சில நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே 10 நாள் மாதிரி ஒரு அவகாசம் தருகின்றன. அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, என்றிலிருந்து எண்ணுகிறார்கள், எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்று பாருங்கள். வாயால் சொன்னது எதுவும் நிற்காது. ‘வாய்மொழி வாக்குறுதிகள் செல்லாது’ என்று பெரும்பாலும் அதிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் 1915க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ‘வழக்கு மும்பையில்தான்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் பயப்படாதீர்கள், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம்.

இன்னொன்று. உறுப்பினர் ஆனவர்களுக்குச் சில வருஷம் கழித்து ஒரு போன் வரும்: “உங்க மெம்பர்ஷிப்பை நல்ல விலைக்கு வித்துத் தர்றோம், முதல்ல வரி மட்டும் கட்டுங்க.” அந்த வரியும் போய்விடும். என்னிடம் வந்த ஒருவர் இப்படி இரண்டு முறை கட்டியிருந்தார்.

பெருங்குடி_பாலா

எல்லோருக்கும் நன்றி. பென்ஷனர் சாரின் பதிலை மனைவிக்குப் படித்துக் காட்டினேன், கார்டு விஷயத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். என்னைக் கூப்பிட்ட பெண்ணுக்குப் போன் செய்து, “ஒப்பந்தத்தின் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்புங்க, படிச்சுட்டு வர்றோம்” என்றேன். “அதெல்லாம் நேர்லதான் சார்” என்று வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. மூணாறுக்கு ஜூலையில் வார நாளில் ரூம் பார்த்தேன், இரவுக்கு 3,200, காலைச் சாப்பாட்டோடு. புக் செய்துவிட்டேன்.

இன்று காலை மனைவியின் செல்லுக்குப் போன். வாழ்த்துகள் மேடம், கூர்க்கில் 3 பகல் 2 இரவாம். சார் கண்டிப்பாக வர வேண்டுமாம்.