மறு: லூவர் – ‘காற்றுச் சாளரம்’ வேண்டாமே

> லூவருக்குக் ‘காற்றுச் சாளரம்’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவோம்.

ஐயா, கொஞ்சம் பொறுங்கள். திருத்த வேலைக் கையேட்டுக்கு நாம் சொல் தேடும் இந்த லூவர் (louvre), மணிக்கோபுரத் திறப்பில் இடைவெளி விட்டு, வெளிப்பக்கம் சாய்த்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பூட்டும் பலகை வரிசை. இந்தச் சொல்லால் ஒரு கோபுரம் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன் நான்.

மட்டக்களப்புப் பக்கம் ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோயில். மாரிக்கு முன் செய்ய வேண்டிய திருத்த வேலைகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தது நான்தான். ‘மணிக்கோபுரக் காற்றுச் சாளரத்தால் மழைநீர் உள்ளே வருகிறது, சரிசெய்யவும்’ என்று எழுதினேன். உண்மையில் உடைந்திருந்தவை மூன்று பலகைகள். மேசன் என்ன செய்தார்? சாளரம் என்றால் யன்னல். யன்னலால் மழை வந்தால் அடைக்க வேண்டும். நாலு பக்கமும் தகடு அடித்து, விளிம்பெல்லாம் சீமெந்து பூசிவிட்டார். அவரில் பிழையில்லை, பிழை என் சொல்லில்.

அடுத்த ஞாயிறு மணி போர்வைக்குள் இருந்து அடித்தது போலக் கேட்டது. அதைக்கூடப் பொறுக்கலாம். இரண்டு வாடைக்காலம் கழித்து ஏறிப் பார்த்தால் உள்சுவர் வியர்த்து உப்புப் பூத்திருந்தது. மணியைத் தாங்கும் சட்டத்தின் இரும்பு போல்ற் ஒன்றைச் சுற்றிச் சாந்து நாலாகப் பிளந்து நின்றது. விரல் வைத்ததும் உதிர்ந்தது. துரு, இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். சுவருக்குள் பதித்த இரும்பு துருவேறினால் சுவரைத்தான் தள்ளும். உப்புக் காற்று ஊரில் அதற்கு அதிக காலம் வேண்டாம்.

மணிக்கோபுரத்து லூவர் எப்போதும் திறந்தே இருக்க வேண்டியது. அதன் வழியாக மணியோசை வெளியே போகும், ஈரம் காயும், மழை மட்டும் வழிந்து வெளியே விழும். சாளரம் திறந்து மூடுவது. இந்த வேறுபாட்டைச் சொல் காட்டாவிட்டால் வேலைக்காரர் அடைக்கத்தான் செய்வார்.

> யன்னலே போர்த்துக்கேயச் சொல். லூவரையும் அப்படியே வைத்தால் என்ன?

யன்னல் வீட்டுக்கு வீடு இருந்து, நாக்கில் தேய்ந்து தமிழானது. கோபுரத்து லூவரைப் பார்க்க வருடத்துக்கு ஒருவர் ஏறினாலே பெரிய காரியம். எங்கே தேயப் போகிறது?

> ‘சாய்பலகை’ போதாதா?

எந்தப் பக்கம் சாய்வு என்று அது சொல்லவில்லையே. உட்பக்கம் சாய்த்துப் பூட்டினால் மழையை நாமே அழைத்து மணிக்கு மேல் ஊற்றுகிறோம். அதோடு முதிரைப் பலகையின் இடத்தில் இப்போது அலுமினியமும் வந்துவிட்டது.

‘அடுக்கிறப்பு’ என்று ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். வீட்டு இறப்பு, அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போல. வடிவமும் சரி, தண்ணீர் விழும் திசையும் சரி. ஆனால் துக்கமணி அடிக்கும் இடத்துக்கு ‘இறப்பு’ என்று பெயர் வைத்தால் சனம் விடுமா?

என் முன்மொழிவு ‘செவுள்’. மீனின் செவுள் போல வரிவரியாக, மூச்சு விடுவதற்காக. (செவுட்பலகை என்று மட்டும் சேர்த்து எழுதாதீர்கள், மணி செவிடாகிவிடும்.)

---

> என் முன்மொழிவு ‘செவுள்’.

தம்பி, செவுளுக்குள்ளால் தண்ணீர் போகும். அதுதான் அதன் வேலையே. மழையைத் தடுக்கிற ஒன்றுக்கு அந்தப் பெயரா? இறப்புக்கு ‘இறவாரம்’ என்று இன்னொரு பெயர் அகராதியிலேயே இருக்கிறது. ‘அடுக்கிறவாரம்’ என்று வையுங்கள். ஒவ்வொரு தட்டும் ‘இறவாரத் தட்டு’.

---

ஐயா, சரி. செவுளைத் திரும்பப் பெறுகிறேன். பாடுமீன் ஊர்க்காரன் மீனைப் பிடித்துக்கொண்டு நின்றது என் பலவீனம்.

நேற்று அதே மேசனுக்குத் தொலைபேசி எடுத்தேன். கையேட்டுக்கு எழுதிய வரியை வாசித்துக் காட்டினேன்: ‘அடுக்கிறவாரத்தில் உடைந்த தட்டுகளை மாற்றவும். தட்டுகளின் அடிவிளிம்பில் நீர் சொட்ட ஒரு காடி வெட்டவும். பறவை புகாமல் உட்புறம் கம்பிவலை மட்டும் அடிக்கவும்.’ லூவர் என்று நான் வாயே திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார்: “இறவாரமெண்டா நம்மட வீட்டு இறப்புத்தானே தம்பி? எவ்வளவு சரிவு வைக்கிற?”