வியட்நாமின் சைகோனில் (இன்றைய ஹோ சி மின் நகரம்) சாலை கடந்தவர்கள், உங்கள் அனுபவம் என்ன?

ஊர்சுற்றி:
சைகோன் போய் வந்தவர்களுக்கு அந்த மோட்டார் சைக்கிள் வெள்ளத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. 2018 டிசம்பர். நானும் கல்லூரித் தோழன் ஒருவனும், ஆளுக்கு ஒரு முதுகுப்பை. தங்கியது புய் வியென் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில். இரவு முழுவதும் பாட்டுச் சத்தம், இருவருக்கும் தூக்கமில்லை. காலையில் காபி தேடி டிரான் ஹுங் தாவ் சாலையைக் கடக்க நின்றோம்.

நான் கடந்துவிட்டேன். எப்படி என்று இன்றும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் அவன் நடுச்சாலையில் நிற்கிறான். கண்களை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கைகளாலும் பையின் வார்களைப் பிடித்தபடி நிற்கிறான். வண்டிகள் அவன் சட்டையை உரசாத குறையாக இரு பக்கமும் போகின்றன. நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்துப் படம் பிடித்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி குறுக்கே வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்றைக் கட்டிப் பிடித்திருந்தான். தோழன் மறைந்தான். அவன் இடத்தில், பல்லைக் காட்டிக்கொண்டு போனை உயர்த்தியிருக்கும் என்னையே நான் பார்த்தேன். அரை நொடிகூட இருக்காது.

கண்ணாடி விலகியபோது லாட்டரிச் சீட்டு விற்கும் பாட்டி ஒருத்தி, ஓலைத் தொப்பியோடு, அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள். மாட்டை ஓட்டி வருவதுபோல அவனை ஓட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் விட்டாள். சீட்டை நீட்டக்கூட இல்லை, போய்விட்டாள். அவன் அன்று முழுவதும் பேசவில்லை. அதன் பிறகு நாங்கள் சேர்ந்து எங்கும் போனதில்லை. சண்டை என்று ஒன்றும் கிடையாது. போனதில்லை, அவ்வளவுதான்.

ரயிலடி:
தம்பி, உங்கள் நண்பர் செய்தது பாதி சரி, பாதி தவறு. நடுவில் நின்றது தவறு. வந்த வழியே திரும்பி ஓடாதது சரி. நானும் 2016-இல் சித்தப்பா மகனோடு போனேன். அவன் வந்த வழியே திரும்பி ஓடினான், காய்கறிக் கூடை கட்டிய வண்டி ஒன்று சாய்ந்தது, முழங்காலில் ஆறு தையல். என் கதை இவ்வளவுதான். ஆனால் இனிமேல் போகிறவர்களுக்காகச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ வளர்ந்த கழுத்து, சாலையில் கால் வைத்தவுடன் தானாக வலப்புறம் திரும்பும். வண்டி வருவதோ இடப்புறத்திலிருந்து. நம்மவர்கள் முதல் அடியிலேயே தடுமாறுவதற்குக் காரணம் பயமல்ல, இந்தக் கழுத்துப் பழக்கம்தான். இரண்டாவது, வேகத்தை மாற்றக் கூடாது. எதிரே வருகிறவன் உங்கள் நடையைப் பார்த்து, நீங்கள் எங்கே போய்ச் சேர்வீர்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒதுங்குகிறான். நீங்கள் நின்றாலோ ஓடினாலோ அவன் கணக்கு கெட்டுவிடும். ஆனால் இது இருசக்கர வண்டிக்கு மட்டும். பஸ்ஸும் காரும் ஒதுங்காது. அவை வந்தால் அவை போகும்வரை நில்லுங்கள். 70 லட்சத்துக்கும் மேல் மோட்டார் சைக்கிள் உள்ள நகரம் அது. சிக்னலில் பச்சை வந்துவிட்டது என்று நம்பி இறங்காதீர்கள். வலப்புறம் திரும்புகிறவன் நிற்க மாட்டான். நடைபாதையிலும் கவனம் வேண்டும், மாலை நெரிசலில் அங்கேயும் ஏறி வருவார்கள். 2024 டிசம்பரிலிருந்து பென் தான் சந்தையிலிருந்து மெட்ரோ ஓடுகிறது. முடிந்தவரை அதில் போங்கள்.

பெட்டிக்கடை:
ரயிலடி ஐயா, அவர் சாலை கடக்கப் பாடம் கேட்கவில்லை. படம் எடுத்ததைச் சொல்லி மனம் ஆறப் பார்க்கிறார். ஆறு தையல் போட்டவரை ஒரே வரியில் முடித்துவிட்டு மெட்ரோவுக்குப் போய்விட்டீர்களே!

எனக்கும் அந்த ஊரில் ஒரு பாக்கி இருக்கிறது. அங்கே பணம் டாங். அந்த நீலத் தாள்களைப் பார்த்தவர்களுக்குப் புரியும். 20,000 டாங்கும் நீலம், 500,000 டாங்கும் நீலம், இரண்டிலும் வியட்நாம் தலைவராக இருந்த ஹோ சி மின் முகம். ஒன்று நம் பணத்தில் நூறு ரூபாய்கூட வராது. இன்னொன்று ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். தோழியும் நானும் நடைபாதையில் முழங்கால் உயரப் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, கெட்டிப்பால் ஊற்றிய ஐஸ் காபி குடித்தோம். அறைக்கு வந்து எண்ணினால் ஒரு 500,000 குறைகிறது. தோழி நேராகத் திரும்பிப் போய் அந்தக் கடைக்காரம்மாவிடம் கத்தினாள். நானும் கூடச் சேர்ந்து கத்தினேன், அதை மறைக்கவில்லை.

அந்த அம்மா பதில் பேசவில்லை. இடுப்புப் பையை அவிழ்த்து, முக்காலியின் மேல் கவிழ்த்தாள். கசங்கிய தாள்களை ஒவ்வொன்றாக நீவி எங்கள் முன்னால் வரிசையாக அடுக்கினாள். பழுப்பு, சிவப்பு, பச்சை. நீலம் நான்கோ ஐந்தோ, எல்லாம் இருபதாயிரம். கடைசித் தாளை அடுக்கிவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தாள். அக்கம்பக்கத்தில் காபி குடித்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

மறுநாள் ஹனோய் ரயிலில், தோழியின் பாஸ்போர்ட் உறைக்குள் அந்த 500,000 மடித்தபடி இருந்தது. பாதி வழியில் இருக்கும் டா நாங்கூட அப்போது தாண்டிவிட்டது. "இறங்கித் திரும்பலாமா?" என்று அவள் கேட்டாள். "விடு" என்றது நான்தான்.

சுக்குமல்லி:
குழப்பம், குழப்பம் என்றே எல்லாரும் எழுதுகிறீர்கள். எனக்கு அந்த ஊரில் உறைத்தது வேறு. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் துரூங் தின் தெருவில் மாரியம்மன் கோவில் இருக்கிறது, நம்மவர்கள் போய்க் கட்டியது. வியட்நாமியர்கள் அதை 'இந்திய அம்மன் கோவில்' என்ற பொருளில் 'சுவா பா ஆன்' என்கிறார்கள். நானும் அலுவலகத் தோழி ஒருத்தியும் வெயிலுக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனோம். அவளுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது.

கும்பிடுகிறவர்களில் ஒரு தமிழ் முகம்கூட இல்லை. கைநிறைய ஊதுபத்தியோடு வியட்நாமியப் பெண்கள். சுற்றி வந்தால், பின்பக்கச் சுவரில் நெற்றியை அழுத்தி ஏதோ முணுமுணுக்கிறார்கள். நாங்கள் வேடிக்கை பார்ப்பதைக் கண்ட ஒரு நடுத்தர வயதுப் பெண் என் தோழியின் பின்தலையில் கை வைத்து, மெதுவாகக் கல்லில் சாய்த்தாள். காதைத் தொட்டு, வாயைத் தொட்டு, 'சொல்லு' என்பதுபோலச் சைகை காட்டினாள். மாரியம்மனிடம் எப்படி வேண்ட வேண்டும் என்று விருதுநகர்க்காரிக்கு அவள் சொல்லிக் கொடுத்தாள்.

தோழி நெடுநேரம் நெற்றியை எடுக்கவில்லை. என்ன வேண்டிக்கொண்டாள் என்று நானும் கேட்கவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டாள்.

ரயிலடி:
பெட்டிக்கடை அம்மா, கோபம் வேண்டாம். சித்தப்பா மகன் கதையை நீட்டாததற்குக் காரணம் உண்டு: 'திரும்பு, திரும்பு' என்று கத்தியது நான்தான். நீலத் தாள் பற்றி ஒன்று. 500,000 சற்று நீளம். பின்பக்கம் ஹோ சி மின்னின் சொந்த ஊரான கிம் லியென் குடிசை. இருபதாயிரத்தில் ஹோய் ஆன் பாலம். இரண்டையும் வெவ்வேறு பையில் வைப்பது நல்லது.

பெட்டிக்கடை:
பாலமா குடிசையா என்று பார்க்கிற நிலையில் அன்று யார் இருந்தார்கள் ஐயா.

ஊர்சுற்றி:
எல்லாருக்கும் நன்றி. ரயிலடி ஐயா, கழுத்து விஷயம் உண்மை. படத்தில் நான் எடுத்த கோணத்திலேயே தெரிகிறது, அவன் கண்ணை மூடியபடியே தவறான பக்கம் திரும்பியிருக்கிறான்.

நேற்று இரவு அந்தப் படத்தை அவனுக்கு முதன்முறையாக அனுப்பினேன். கண்ணாடி வருவதற்கு முந்தைய நொடி அது. பாட்டியின் தொப்பி நுனி மட்டும் ஓரத்தில் விழுந்திருக்கிறது. காலையில் பதில் வந்தது. 'அந்தம்மாவிடம் ஒரு சீட்டாவது வாங்கினாயா?' என்று கேட்டிருக்கிறான். ஒரு சீட்டு பத்தாயிரம் டாங்.

இன்னும் பதில் எழுதவில்லை.