புதுப்பிப்பு: பாசன மேய்ச்சல் நிலமும் இறைச்சி மாடுகளும்

தண்ணீர் பாய்ச்சி வளர்த்த புல் இருந்தும் இறைச்சி மாடுகள் எடை ஏறவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது நன்றாகத் தேறிவிட்டன. நிலத்தை மின்வேலியால் பிரித்து, 3 நாளுக்குள் அடுத்த பகுதிக்கு ஓட்டிவிடுகிறேன். அதற்கு மேல் விட்டால் புதுத் துளிரையும் கடித்துவிடும், வேர் சோர்ந்துவிடும். மாடு வெளியேறிய பிறகுதான் பாசனம். ஈரத்தில் குளம்பு மிதித்தால் மண் இறுகி, அப்புறம் தண்ணீரே இறங்காது. குளம்புக் குழிகளில் தேங்கி நின்ற தண்ணீரை இப்போது காணோம்.

குதிரைமசால் என்ற தீவனப் பயிர் அடர்ந்த பகுதிக்குள் மாடுகளைப் பசியோடு விடுவதே இல்லை; அவசரமாகத் தின்றால் வயிற்றில் வாயு அடைத்து உப்பிவிடும். முதலில் வயிறு நிறைய உலர்புல். இருந்தாலும் இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளம் உப்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். வயிற்று உப்புசம் சில மணி நேரத்தில் மாட்டையே கொன்றுவிடும். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.