சர்வர் மாற்றியபோது நடந்ததில் இன்றும் உறுத்திக்கொண்டிருப்பது எது?

திருப்பூர்க்காரன்:
2019 டிசம்பரில் நடந்தது. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடியவிருந்ததால், ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தின் ஒரே டொமைன் கன்ட்ரோலரை (எல்லாக் கணினிகளின் கணக்குகளையும் உள்நுழைவையும் நிர்வகிக்கும் சர்வர்) சர்வர் 2019-க்கு மாற்றும் வேலையைச் சனிக்கிழமை இரவில் வைத்துக்கொண்டேன். மொத்தம் 22 கணினிகள்தான். ஆனால் புதிய சர்வரை டொமைன் கன்ட்ரோலராக உயர்த்தப் போனபோது முன்சோதனையிலேயே நின்றுவிட்டது. விண்டோஸ் சர்வர் 2003-இல் தொடங்கிய டொமைன் என்பதால், கணினிகளுக்கான விதிகளை வைத்திருக்கும் சிஸ்வால் ஃபோல்டர் இன்னும் எஃப்ஆர்எஸ் என்ற பழைய நகலெடுப்பு முறையிலேயே இருந்தது. 2008 ஆர்2-க்கு வந்தபோது எவரும் அதைத் தொடவில்லை. சர்வர் 2019 எஃப்ஆர்எஸ்ஸை ஏற்பதில்லை.

டொமைனின் செயல்நிலையை 2008-க்கு உயர்த்திவிட்டு சிஸ்வாலைப் புதிய முறைக்கு மூன்று படிகளில் மாற்றும் டிஎஃப்எஸ்ஆர்மிக் கட்டளையைத் தொடங்கினேன். முதல் இரண்டு படிகள் வரை பின்வாங்க முடியும், மூன்றாவதற்குப் பிறகு முடியாது என்பது இங்குள்ளோருக்குத் தெரிந்ததே. இரவு ஒன்றரை மணிக்குக் கட்டளையின் கடைசியில் 3 என்று தட்டிவிட்டு என்டர் மேல் விரலை வைத்திருந்த நேரத்தில், பின்னால் நாற்காலியில் அரைத்தூக்கத்தில் இருந்த முதலாளி, "பேக்கப் எல்லாம் எடுத்தாச்சுங்களா தம்பி?" என்று கேட்டார். "எடுத்தாச்சுங்கண்ணா" என்றேன். மாலையில் பேக்கப்பை ஓடவிட்டிருந்தேன். பச்சை டிக் விழுந்ததைப் பார்த்தேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கவில்லை. என்டரை அழுத்தினேன். எல்லாம் சரியாகவே முடிந்தது. அந்தப் பதிலை மட்டும் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மதுரைப் பையன்:
எனக்குக் கடிகாரம். ஒரு நேரத்தில் ஒரு சர்வர் மட்டுமே வகிக்கக்கூடிய ஐந்து எஃப்எஸ்எம்ஓ பொறுப்புகளையும் புதிய சர்வருக்கு மாற்றினேன், சரிபார்த்தேன், வீட்டுக்குப் போனேன். புதிய டொமைன் கன்ட்ரோலர் ஹைப்பர்-வி மென்பொருள் வழியாக வேறொரு இயந்திரத்துக்குள் (ஹோஸ்ட்) ஓடும் மெய்நிகர் கணினி. வெளியிலிருந்து நேரம் வாங்கும்படி பழைய சர்வரில் யாரோ எப்போதோ அமைத்து வைத்திருந்ததும், அந்த ஐந்தில் ஒன்றான, டொமைனின் நேரத்தைக் கவனிக்கும் பிடிசி பொறுப்போடு அந்த அமைப்பு தானாக வராது என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாவது வாரம் இரவில் மின்சாரம் போனது, யுபிஎஸ்ஸும் இறங்கியது. ஹோஸ்ட் இயந்திரத்தின் கடிகாரத்தை ஓடவைக்கும் சிமாஸ் பேட்டரி செத்திருந்ததால் அது பழைய தேதியில் விழித்தது. அதைப் பார்த்து டொமைன் கன்ட்ரோலரும் அதே தேதிக்குப் போனது. உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பராஸ் முறை பொறுத்துக்கொள்வது 5 நிமிட வித்தியாசம்; அதைத் தாண்டினால் உள்ளே விடாது. காலை ஒன்பதே காலுக்கு, காசாளர் அம்மா மட்டும் எழுந்து வந்து, "தம்பி, சர்வர்ல போன வருஷத்துத் தேதி காட்டுது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அரை மணி நேரமாக டிஎன்எஸ்ஸை (பெயர்களை முகவரிகளாக மாற்றும் சேவை) கிளறிக்கொண்டிருந்தேன்.

பழைய கை:
திருப்பூர் நண்பர் எழுதியதில் பேக்கப்பைவிடப் பெரிய தவறு, எஃப்ஆர்எஸ் மாற்றத்தையும் புதிய சர்வரை உயர்த்துவதையும் ஒரே இரவில் செய்தது. 2003 சர்வரில் பிறந்த டொமைன் என்று தெரிந்த அன்றே சிஸ்வால் எதில் இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது படியில் ஒரு வாரம் விட்டு, குரூப் பாலிசிகள் (சர்வர் கணினிகளுக்கு அனுப்பும் விதிகள்) ஒழுங்காக இறங்குகின்றனவா என்று கவனித்த பிறகே மூன்றாவதற்குப் போயிருக்க வேண்டும். என் கதை சிறியது: ரோபோகாப்பியில் கோப்புகளை அனுமதிகளோடு நகலெடுத்துவிட்டு, பகிர்ந்த ஃபோல்டர்களின் ஷேர் அனுமதிகள் தனியாக விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் இருப்பதை மறந்து, திங்கட்கிழமை முழுவதும் ஒவ்வொரு ஷேராக மறுபடி உருவாக்கினேன்.

இன்னும் மாற்றாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய சர்வரை முதலில் நான்கைந்து நாள் அணைத்து மட்டும் வையுங்கள். டிஎன்எஸ் முகவரியைக் கையால் போட்ட பிரின்டர், வருகைப் பதிவுக் கருவி, முதலாளியின் மடிக்கணினி எல்லாம் அந்த நாட்களில் தாமாகவே குரல் கொடுக்கும். அவற்றைத் திருத்திய பின் பழையதை மீண்டும் இயக்கி, முறைப்படி டொமைன் கன்ட்ரோலர் பொறுப்பிலிருந்து இறக்குங்கள். ஆறு மாதம் பரணில் போட்டுவிட்டுத் திரும்பச் செருகும் எண்ணம் மட்டும் வேண்டாம். டூம்ஸ்டோன் காலம் (நீக்கிய கணக்கின் குறிப்பை வைத்திருக்கும் காலம்) கடந்த டொமைன் கன்ட்ரோலர், நீக்கிய கணக்குகளை மறுபடி கொண்டுவந்து சேர்க்கக்கூடும். ஸ்னாப்ஷாட் (மெய்நிகர் கணினியின் அந்த நேரத்து நிலைப்பதிவு) எடுத்துவிட்டு அதையே பேக்கப் என்று சொல்பவர்களிடம் எனக்குப் பேச எதுவுமில்லை.

ஈரோடு சிஸ்டம்ஸ்:
பழைய கை ஐயா, 12 கணினி அலுவலகத்தில் ஒரு வாரம் காத்திருக்க யார் விடுகிறார்கள்? ஞாயிறு ஒன்றுதான் நமக்குக் கிடைக்கும். என் அலுவலகத்தில் எல்லாம் ஓடியது, ஜெராக்ஸ் இயந்திரத்தின் ஸ்கேன் மட்டும் ஃபோல்டருக்கு வரவில்லை. அந்த இயந்திரத்துக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை மட்டுமே. சர்வர் 2019-இல் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. பக்கத்து மேசைக்காரர், "அதை ஆன் பண்ணிட்டாப் போச்சு சார்" என்று மூன்று முறை சொன்னார். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னகிரை பரவியது எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் என்பதால் மறுத்துவிட்டேன். சர்வரில் எஃப்டிபி (கோப்பு அனுப்பும் வேறொரு முறை) அமைத்து, அந்த இயந்திரத்துக்கென ஒரு தனிக் கணக்கு கொடுத்தேன். மேலாளருக்கு இன்னும் கோபம்.

திருப்பூர்க்காரன்:
பழைய கை ஐயாவின் பதிவைப் படித்த பிறகு, அன்று பேக்கப் எடுத்த பழைய வன்தட்டை அலமாரியிலிருந்து எடுத்து இன்று மதியம் செருகிப் பார்த்தேன். டி டிரைவ் மட்டும் இருக்கிறது. டொமைனை மீட்கத் தேவையான சிஸ்டம் ஸ்டேட் இல்லை.