பழைய பிக்கப்பில் கியர்பாக்ஸ் மேல்தகட்டை மாற்றியவர்களின் அனுபவங்கள்

போடிநாயக்கனூர் உறுப்பினர்:

அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழியில் வந்த பழைய மகிந்திரா பிக்கப்புகளை இன்றும் வேலைக்கு ஓட்டுகிறவர்கள் இந்தக் கேரள எல்லையோர ஊர்களில் கணிசமாகவே இருக்கிறோம். போடிமெட்டு ஏறி உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்கு உரமும் சாமானும் கொண்டுபோகும் இந்த வண்டிகளில், எஞ்சினையும் பிரேக்கையும் தவறாமல் பார்ப்பவர்கள்கூட, கேபினுக்குள் கியர்பாக்ஸை மூடியிருக்கும் டனல் என்னும் மேடான தரைப்பகுதியை, அது அரித்துப்போய்ச் சேறும் புகையும் காலடியில் ஏறும்வரை கவனிப்பதில்லை. என் வண்டியில் அந்தத் தரைப்பகுதியை முழுவதும் வெட்டியெடுத்து, கழிவுக்கு வந்த வேறொரு கேபினிலிருந்து எடுத்த தரையைப் பொருத்தினேன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறந்தபோது இதில் இருந்தது ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின், டி-90 என்னும் மூன்று கியர் பாக்ஸ், அதன் பின்னால், முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸ். பெட்ரோல் கட்டுப்படியாகாத காலத்தில், மலையோர ஊர்களில் பலரும் செய்ததைப் போல, முந்தைய உரிமையாளர் டீசல் எஞ்சினையும் நான்கு கியர் பாக்ஸையும் ஏற்றி, அதை ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றிலும் பதிந்திருந்தார். எஞ்சின் மாற்றத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் புதிய பாக்ஸின் கியர் ராடு பழைய துளைக்கு நேராக வராததால், அந்த வேலையைச் செய்த பட்டறையில் தரையை கேஸ் கட்டரால் அறுத்து, மிஞ்சிய இடைவெளியைத் துண்டுத் தகரங்களால் மூடி, எல்லாவற்றையும் ஆர்க் வெல்டிங்கால் ஒட்டிவிட்டிருந்தார்கள். ரப்பர் மேட்டை உரித்தபோது ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றில் ஒன்று கடலை எண்ணெய் டின்னின் தகரம். அதன் அச்சு எழுத்துகள் அழியாமல் இருந்தன. இரண்டு ஒட்டுகளுக்கு நடுவில் தேங்கிய ஈரம்தான் நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்றிருந்தது. திருகுளியால் குத்தினால் தடையின்றி உள்ளே இறங்கியது.

இந்தத் தரையில் கியர்பாக்ஸுக்கு மேலே இருக்கும் மூடி போல்ட்டால் கழற்றும்படி அமைந்திருக்க வேண்டும் என்பதே நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. சுற்றியுள்ள தரையை வெல்டு வையுங்கள். மூடியை ஒருபோதும் வெல்டு வைக்காதீர்கள். இந்த ஜீப்புகளை வடிவமைத்தவர்கள் பாக்ஸின் மேல்மூடியையும் கியர் ராடு அடியையும் கேபினுக்குள் இருந்தபடியே கழற்றுவதற்காகத்தான் அந்தத் தகட்டைத் தனியாக வைத்தார்கள். அதை அடைத்துவிட்டால், மேலிருந்து சில போல்ட்டுகளைத் திருகி முடிக்க வேண்டிய வேலைக்குப் பாக்ஸையே கீழே இறக்க நேரும். மலைப்பாதையின் ஓரத்தில் அது நடக்கிற காரியமா என்று நினைத்துப் பாருங்கள்.

வெட்டத் தொடங்குமுன் செய்ய வேண்டிய இரண்டு காரியங்களில் சமரசமே கூடாது. வில்லிஸ் வழியில் வந்த பழைய சி.ஜே. வகை ஜீப்புகள் பலவற்றில் டீசல் அல்லது பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. என் வண்டியிலும் அப்படித்தான். டனல் தரையிலிருந்து அது கைக்கெட்டும் தூரம்தான். டேங்கைக் காலி செய்தால் போதும் என்று சில பட்டறைகளில் சொல்கிறார்கள். காலி டேங்கில் நிறைந்திருக்கும் ஆவிதான் கூடுதல் ஆபத்து. ஆகவே டேங்கை முழுவதுமாகக் கழற்றி, பட்டறைக்கு வெளியே தள்ளி வைத்த பிறகே கிரைண்டரைத் தொட விட்டேன். பேட்டரி இணைப்பையும் கழற்றி, வெல்டிங்கின் எர்த் கிளாம்பை வேலை நடக்கும் தகட்டிலேயே மாட்டச் சொன்னேன். இரண்டாவது, கேபினின் உருவத்தைக் காப்பது. டனல் பகுதி கேபினின் இரு பக்கங்களையும் நடுவில் பிணைத்து நிற்கிறது. அதை எடுத்ததும் பாடி தளர்ந்து கதவு வாசல் விரியவோ சுருங்கவோ கூடும். கதவு வாசல்களின் குறுக்கேயும், டேஷ்போர்டின் அடியிலிருந்து பின்சுவர் வரையும் ஆங்கிள் இரும்பைத் தற்காலிகமாக வெல்டு வைத்து நிறுத்தினோம். மூலைக்கு மூலை டேப் பிடித்த அளவுகளைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தோம். கேபினைச் சேசிஸிலிருந்து இறக்காமல், அதன் மவுண்ட்டுகளில் போல்ட் இறுக்கிய நிலையிலேயே எல்லா வேலையும் நடந்தது.

அடுத்தது அளவு எடுப்பது. இங்கேதான் தகட்டு வேலை தெரிந்த நல்ல டிங்கர்களும் வழி தவறுகிறார்கள். ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸில் பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் நடுவிலிருந்து வெளியேறாமல் வலப்பக்கம் ஒதுங்கி வருகிறது. இடப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள அமெரிக்க ஜீப்பில் அது பயணியின் பக்கம். நம் வண்டியிலோ ஓட்டுநரின் பக்கம். எனவே டனலை வண்டியின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சமமாக வரைந்து வளைத்தால், ஒரு பக்கம் வீணான இடமும் மறுபக்கம் உரசலும் வரும். கழிவுக் கேபினிலிருந்து வந்த தரை மூன்று கியர் பாக்ஸுக்கானது என்பதால், அதன் ஓரங்களையும் மடிப்புகளையும் மட்டும் பயன்படுத்திக்கொண்டு, மூடியைப் புதிதாகச் செய்ய முடிவெடுத்தோம். எஞ்சினும் பாக்ஸும் மவுண்ட்டில் நின்ற நிலையில், அவற்றின் மேல் அட்டையை வெட்டி வெட்டிப் பொருத்தி அச்சு எடுத்தோம். டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போதும் அணையும்போதும் ரப்பர் மவுண்ட்டில் நன்றாகவே குலுங்கும். ஆகவே பாக்ஸின் எந்த மேட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இடைவெளி விட்டோம். எல்லாக் கியர்களிலும், ஃபோர் வீல் லீவரின் இரு முனைகளிலும், கிளட்ச் முழுவதும் மிதித்த நிலையிலும் ராடுகள் எங்கே போய் நிற்கின்றன என்பதை அட்டையிலேயே குறித்தபின்தான் துளையின் வடிவம் தெரிந்தது. அது வட்டமாக வரவில்லை. ஒரு புறம் நீண்ட, கோணலான வடிவமாகவே வந்தது.

தகடு 1.2 மி.மீ. கோல்ட் ரோல்டு ஷீட். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் துருவைத் தாங்கும் என்று பலர் விரும்புகிறார்கள். வெல்டு வைக்கும் இடத்தில் துத்தநாகம் எரிந்து வரும் வெண்புகை குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும், வெல்டும் சரியாகப் பிடிக்காது. பழைய தரையும் புதிய தரையும் சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு வைத்து, 0.8 மி.மீ. கம்பியுடன் மிக் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக இணைத்தோம். ஒரு புள்ளி இந்த மூலையில், அடுத்தது எதிர் மூலையில், கை வைத்துப் பார்த்துச் சூடு தணிந்த பிறகே மூன்றாவது. நேரம் பிடித்தது உண்மை. ஆனால் தரை ஓரிடத்திலும் நெளியவில்லை. ஆங்கிள் இரும்புகளை அறுத்தெடுத்தபின் இரண்டு கதவுகளும் முன்னைப்போலவே மூடின. பிறகு துரு தடுக்க ரெட் ஆக்சைடு பூச்சு, இணைப்புகளில் சீலண்ட், அடிப்பக்கம் ரப்பர் கோட்டிங் என்று வரிசையாக முடித்தோம். மூடிக்காகத் தரையின் அடியில் நட்டுகளை வெல்டு வைத்து, கால் அங்குல போல்ட்டுகளால் மேலிருந்தே இறுக்கும்படி செய்து, நடுவில் ரப்பர் பட்டை கொடுத்தோம். இப்போது கியர்பாக்ஸின் மேல்பக்கத்தைத் திறந்து பார்ப்பது ஒரு ஸ்பேனரின் வேலை.

குமுளி உறுப்பினர்:

போடி அண்ணன் மூடியைப் பற்றி எழுதியதை நான் நேரில் கண்டிருக்கிறேன். குட்டிக்கானத்தைத் தாண்டி, பீர்மேடு பக்கம் கோட்டயம் சாலையில் ஒரு நண்பரின் ஜீப் நல்ல மழையில் நின்றுவிட்டது. பழைய மூன்று கியர் பாக்ஸ். உள்ளே தேய்மானம் இருந்ததால் ஒரே நேரத்தில் இரண்டு கியர்கள் விழுந்து, ராடு அசைய மறுத்தது. மேல்மூடியைக் கழற்றி, கியர்களை நகர்த்தும் ஃபோர்க்குகளை நெம்பித் தள்ளி நியூட்ரலில் நிறுத்தினால் வண்டி நகர்ந்துவிடும். மலையில் ஓட்டும் எவருக்கும் தெரிந்த வேலை இது. ஆனால் அந்த வண்டியின் தரை முழுவதும் வெல்டு வைக்கப்பட்டிருந்தது. ராடு வெளியே வரும் துளையில் விரல்கூட நுழையவில்லை. கடைசியில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து உளியும் சுத்தியலும் வாங்கிவந்து, டார்ச் வெளிச்சத்தில் தகட்டைக் கொத்திப் பிளந்து, கைவிடும் அளவுக்கு வழி செய்தோம். தகட்டின் கிழிந்த விளிம்பு நண்பரின் முன்கையை நன்றாகவே கீறிவிட்டது. ஃபோர்க்கைச் சரி செய்ய ஆன நேரத்தைவிடத் தகட்டைப் பிளக்க ஆன நேரம்தான் மிகுதி. வாங்கப்போகும் வண்டியில் ரப்பர் மேட்டைத் தூக்கி, மூடியைச் சுற்றி போல்ட் தலைகள் தெரிகின்றனவா என்று பார்ப்பதை நான் அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன்.

செங்கோட்டை உறுப்பினர்:

நான் டிங்கர் தொழில் செய்பவன். போடி அண்ணாச்சி எழுதியவற்றில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றில் மட்டும் என் கருத்து வேறு. கழிவுக் கேபினின் தரை ஓரங்களை அவர் நம்பிப் பயன்படுத்தியிருக்கிறார். அவருக்கு நல்ல தரை கிடைத்திருக்கிறது. ஆரியங்காவுக்கு அப்பால் பெய்யும் மழையில் நின்ற வண்டிகளின் தரையைப் பார்த்தால், மேலே வண்ணம் பளபளக்கும். மடிப்பின் உள்ளே இரும்பு இதழ் இதழாக உரியும். ஆகவே கழிவுத் தகட்டை வாங்குமுன் மடிப்புகளைச் சுத்தியலின் முனையால் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்தது மந்தமாகச் சத்தம் தரும். ஐயம் இருந்தால் மடிப்பையும் புதிதாகவே மடித்துவிடுவது நல்லது. மடிக்கும் இயந்திரம் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோனால் அது பெரிய செலவும் இல்லை.

இன்னொன்று. தரை வேலை முடிந்ததும் பலர் கனமான கார்பெட் போட்டுவிடுகிறார்கள். நனைந்த காலோடு ஏறி இறங்கும் வண்டிக்குக் கார்பெட் ஆகாது. தூக்கிக் காயப்போடக்கூடிய ரப்பர் மேட் போதும். பழைய ஜீப் தரையில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். சீலண்ட் அடிக்கும்போது அவற்றையும் சேர்த்து அடைத்துவிடாதபடி, முன்னதாகவே குச்சி செருகி வையுங்கள்.

களியக்காவிளை உறுப்பினர்:

வளைகுடாவில் பழைய அமெரிக்க வண்டிகளைச் சீரமைக்கும் பட்டறையில் வேலை பார்த்திருக்கிறேன். 1967 முதல் 1972 வரையிலான ஷெவ்ரோலெ சி10 பிக்கப்புகளில் இதே சிக்கலை வேறு வடிவில் கண்டேன். தரையில் ராடு வரும் நான்கு கியர் வண்டிகளுக்கு உயர்ந்த மேடு. அது போல்ட்டால் கழற்றக்கூடிய தனி மூடி. ஸ்டீயரிங் தண்டில் கியர் உள்ள வண்டிகளுக்கும் ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கும் தாழ்ந்த மேடு. ஆட்டோமேட்டிக்கை நான்கு கியராக மாற்ற விரும்புகிறவர் தாழ்ந்த தரையை வெட்டி உயர்ந்த மூடியைப் பொருத்தியாக வேண்டும். அங்கே அந்த மூடியும் அதைச் சுற்றிய தரைத்துண்டும் புதிதாகவே அச்சடித்து விற்பனைக்குக் கிடைத்ததால் வேலை எளிதாக இருந்தது. நம் ஜீப்புகளுக்கு அந்த வசதி இல்லாத நிலையில், அட்டை அச்சு எடுக்கும் முறைதான் சரியான வழி என்பது என் எண்ணமும்கூட. எடுத்த அட்டையை எறிந்துவிடாமல் வைத்திருந்தால், அதே பாக்ஸ் வைத்திருக்கும் இன்னொருவருக்கு உதவும்.

பொள்ளாச்சி உறுப்பினர்:

போடி அண்ணனுக்கு வணக்கம். கோபாலபுரம் எல்லைக்கு அருகே எனக்கும் ஒரு பழைய பிக்கப் இருக்கிறது. முதல் பதிவு 1960-களில் நடந்தது. தரையை மாற்றிவிட்டு, மிகப் பழைய வண்டிகளுக்கான விண்டேஜ் பதிவுக்குப் போகலாம் என்று நினைத்திருக்கிறேன். தரையை வெட்டி ஒட்டினால் அதற்குத் தடை வருமா?

போடிநாயக்கனூர் உறுப்பினர்:

தம்பி, 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் விண்டேஜ் வகையில் வரலாம். ஆனால் வண்டி தன் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி ஷெல், எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்த வண்டிகள் அந்த வரையறைக்குள் வருவதில்லை. அரித்த தரையை அதே வடிவத்தில் புதுப்பிப்பது பழுதுபார்ப்பு என்றே நான் கொள்கிறேன். வேறு பாக்ஸுக்காக டனலின் வடிவத்தை மாற்றுவது அப்படியல்ல. டீசல் எஞ்சின் ஏறிய என் வண்டிக்கு அந்த வழி அடைபட்டதுதான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஏனென்றால் விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தோட்டத்துக்கு உரம் ஏற்ற முடியாது.

உங்கள் வண்டி இன்னும் மூன்று கியர் பாக்ஸிலேயே இருந்தால், நான் செய்ததைப் போல மூடியைப் புதிதாக வடிவமைக்க வேண்டாம். பழைய மூடியையே அச்சாக வைத்து, துளைகளின் இடம் மாறாமல் ஒன்று செய்துகொள்ளுங்கள். வெட்டுமுன் தரையை எல்லாப் பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். அசல் வடிவம் எது என்று பின்னால் யாராவது கேட்டால் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். ஆர்.சி.யில் எரிபொருள் என்ன, எஞ்சின் எண் என்ன என்று பார்த்து, வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் எழுதுங்கள். அதைத் தெரிந்துகொண்டு மற்றதைச் சொல்கிறேன்.