6 போதுமா, 12 வேண்டுமா? கன்ட்ரோலர் சென்ஸ் பஞ்சாயத்து

பூரணி

பிஎஸ்5-இல் வார்ஸோன், ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் என்ற இரண்டு துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களும் ஆடுகிறேன். வார்ஸோனில் சென்ஸ் (ஸ்டிக்கைத் தள்ளினால் பார்வை எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்ற சென்சிட்டிவிட்டி) 6-6, பக்கவாட்டுக்கு ஒன்று, செங்குத்துக்கு ஒன்று. எங்கள் ஸ்குவாடில் ஒருத்தன் 12-12 வைத்துக்கொண்டு, "ஆறெல்லாம் டுட்டோரியலோட முடிஞ்சிடணும்" என்று தினமும் ஓட்டுகிறான். சரி, பார்ப்போமே என்று நானும் 12 வைத்தேன். பின்னாலிருந்து சுடுபவன் பக்கம் சட்டென்று திரும்ப முடிகிறது. ஆனால் திரும்பியதும் ரெட் டாட் (குறி பார்க்கும் சிவப்புப் புள்ளி) அவன் ஒரு தோளைத் தாண்டி அந்தப் பக்கம், திரும்ப இழுத்தால் இந்தப் பக்கம், நடுவில் நிற்கவே மாட்டேன் என்கிறது. 6-இல் தூரத்து ஆள் விழுகிறான், ஆனால் முதுகுக்குப் பின்னால் வருபவனிடம் நான் விழுகிறேன். எதை வைத்துக்கொள்வது?

மெதுவடை

6-ஐயே வையுங்கள். முடிந்தால் 5.

நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. 12-இல் திரும்பினீர்கள், சுட்டீர்கள், படவில்லை. அப்புறம் திரும்பி என்ன பயன்? சாகும்போது அவன் முகத்தைப் பார்த்தபடி சாகலாம், அவ்வளவுதான்.

கட்டைவிரல் ஸ்டிக்கை நடுவிலிருந்து விளிம்பு வரை தள்ளும் தூரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். மெதுவான நுண்ணசைவிலிருந்து முழுவேகச் சுழற்சி வரை எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். மவுஸ்காரன் அரை வட்டம் திரும்பப் பாதி மேஜையைத் தேய்க்கிறான், நமக்கு அந்த வசதி கிடையாது. உச்ச வேகத்தை ஏற்ற ஏற்ற, ஸ்டிக்கின் முதல் சில மில்லிமீட்டரிலேயே குறி ஓடத் தொடங்கிவிடும். தலைக்கும் கழுத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கே வைத்துப் பிடிப்பீர்கள்?

முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதற்கு சென்ஸ் மருந்து இல்லை. மினிமேப் பாருங்கள், காலடிச் சத்தம் கேளுங்கள், சுவரை ஒட்டி நில்லுங்கள்.

சுழல்பந்து

> முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதற்கு சென்ஸ் மருந்து இல்லை

இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மூன்று பேர் ஸ்குவாட், எதிரில் இரண்டு ஸ்குவாட், மேலே ஒருவன் குதிக்கிறான். எந்தச் சுவரை ஒட்டி நிற்பது?

கால் ஆஃப் டூட்டியின் (வார்ஸோனும் அந்தக் குடும்பம்தான்) சாதாரண ஆறு பேருக்கு ஆறு பேர் மேட்ச் என்றால் நீங்கள் சொல்வது ஒப்புக்கொள்ளத்தக்கது. அரை நொடிக்குள் ஆள் காலி. அங்கே பின்னாலிருந்து அடிபட்டால் எந்த நம்பர் வைத்திருந்தாலும் கதை முடிந்தது. ஏபெக்ஸில் கணக்கே வேறு. உயிர் 100, ஊதா ஷீல்டு 100, மொத்தம் 200. ஆர்-301 துப்பாக்கி ஒரு குண்டுக்கு 14 டேமேஜ் என்று வையுங்கள் (சீசனுக்குச் சீசன் கூட்டுவார்கள் குறைப்பார்கள்). 15 குண்டு பட வேண்டும். நொடிக்கு 13.6 குண்டு போகிறது. ஆக ஒன்றுகூடத் தவறாமல் பட்டாலே ஒரு நொடி ஆகும். யாருக்கும் எல்லாக் குண்டும் படுவதில்லை, ஒன்றரை இரண்டு நொடி என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது திரும்புவதைப் பாருங்கள். நொடிக்கு 180 டிகிரி சுழன்றால் முதுகுப் பக்கம் திரும்ப முழுசாக ஒரு நொடி. 360 என்றால் அரை நொடி. அந்த அரை நொடி வித்தியாசத்தில் ஆறேழு குண்டு இருக்கிறது. அதுதான் திருப்பி அடிப்பதற்கும் செத்துப் பெட்டியாகக் கிடப்பதற்கும் உள்ள தூரம்.

குறி ஊஞ்சலாடுகிறது என்கிறார் பூரணி. புதுசாக வைத்தால் எல்லோருக்கும் ஆடும். விரல் பழகட்டும்.

மெதுவடை

நீங்கள் போட்ட கணக்கிலேயே ஒன்றரை நொடி இருக்கிறது என்றால் ஓடி ஒளிய அது போதும், திரும்பிச் சண்டை போட்டே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? ஸ்லைடு போட்டுக் கதவுக்குப் பின்னால் போங்கள். அப்புறம் அவன் உங்கள் முன்னால்தான் வருவான், மெதுவாகக் குறி பாருங்கள்.

இன்னொன்று. எய்ம் அசிஸ்டை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். குறி ஆள் மேல் வந்ததும் ஆட்டமே வேகத்தைக் குறைத்துத் தருகிறது. சென்ஸ் அதிகமென்றால் அந்த வட்டத்துக்குள் நுழைந்தது தெரிவதற்குள் வெளியே வந்துவிடுவீர்கள். இலவசமாகக் கொடுப்பதை வேண்டாம் என்று தள்ளுவானேன்?

ராத்திரி_லாபி

இந்தச் சண்டைக்கு என் தாடி வயசு. 2001-இல் எக்ஸ்பாக்ஸில் முதல் ஹேலோ வந்தபோதே ஸ்டிக்கில் குறி பார்ப்பதை ஆடக்கூடியதாக ஆக்கியது இந்த வேகக்குறைப்புதான். இலக்கின் மேல் வந்தால் இழுத்துப் பிடிக்கும். அதை எடுத்துவிட்டால் இங்கே இருக்கும் பாதிப் பேருக்கு 3 வைத்தாலும் படாது, 20 வைத்தாலும் படாது.

அது இருக்கட்டும். பூரணி, எந்த டிவி? கேம் மோடு போட்டிருக்கிறீர்களா? ஹாலில் சீரியலுக்கு வைத்த அதே செட்டிங்கில், படத்தை வழவழப்பாக்கும் வசதியோடு ஆடினால், விரல் அசைந்து வெகுநேரம் கழித்துத்தான் திரையில் தெரியும். நீங்கள் நிறுத்திவிட்டீர்கள், குறி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றும். அதைத்தான் பலர் "சென்ஸ் ஜாஸ்தி" என்று நினைத்துக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். முதலில் டிவி, அப்புறம் மீதி.

பூரணி

கேம் மோடு இருக்கிறது. 120 ஹெர்ட்ஸ் மானிட்டர்தான், டிவி இல்லை.

டெட்ஸோன் துரை

இரண்டு பேரும் ஒரே நம்பரைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள். ஆனால் அந்த நம்பர் என்ன சொல்கிறது? ஸ்டிக்கை விளிம்பு வரை தள்ளினால் எவ்வளவு வேகம் என்பதை மட்டும்தான். ஆள் தலையைத் தேடும்போது யாரும் ஸ்டிக்கை விளிம்புக்குத் தள்ளுவதில்லை. பூரணியின் இரண்டு பிரச்சினைகளும் ஸ்டிக்கின் இரண்டு வெவ்வேறு பகுதியில் நடக்கின்றன. திரும்ப முடியாதது விளிம்புப் பிரச்சினை, குறி ஊஞ்சலாடுவது நடுப்பகுதிப் பிரச்சினை. ஒரே திருகைத் திருகி இரண்டையும் சரிசெய்யப் பார்த்தால் ஒன்று சரியாகும்போது மற்றது கெடும்.

நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதை ரெஸ்பான்ஸ் கர்வ் தீர்மானிக்கிறது. கால் ஆஃப் டூட்டியில் மூன்று உண்டு. லினியரில் தள்ளிய அளவுக்கு நேர்விகிதத்தில் வேகம். ஸ்டாண்டர்டில் தொடக்கம் மந்தம், போகப்போக ஏறும். டைனமிக் என்பது எஸ் எழுத்தைத் திருப்பிப் போட்ட வளைவு: தொடக்கத்திலேயே அசைவு கிடைக்கும், நடுவில் தணிந்து நிதானமாக இருக்கும், விளிம்பில் மறுபடி பாயும். 6 ஸ்டாண்டர்டும் 6 டைனமிக்கும் கையில் ஒரே மாதிரி இருக்காது. இங்கே "நான் 6", "நான் 12" என்று எழுதிய ஒருத்தர்கூட எந்தக் கர்வ் என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா?

அடுத்தது டெட்ஸோன். நடுவில் எவ்வளவு தூரம் தள்ளும்வரை ஆட்டம் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும் என்பது. பெரிதாக வைத்திருந்தால் தள்ளித் தள்ளிப் பார்த்து ஒன்றும் நடக்காமல், திடீரென்று குறி எகிறும். அப்படி எகிறுவதை சென்ஸ் தலையில் கட்டிவிடுகிறோம். வார்ஸோன் செட்டிங்கில் வலது ஸ்டிக்கின் குறைந்தபட்ச டெட்ஸோனை மெதுவாக இறக்கிக்கொண்டே வாருங்கள். கையை எடுத்தும் திரை தானாக நகர்ந்தால் ஒரு படி மேலே ஏற்றி நிறுத்துங்கள். பழைய கன்ட்ரோலர் என்றால் உள்ளே பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கும், நிறைய ஏற்ற வேண்டிவரும்.

மூன்றாவது, ஸ்கோப் வைத்துக் குறி பார்க்கும்போது மட்டும் வேகத்தைக் குறைக்கும் பெருக்கல் எண். இது இருக்கும்போது இடுப்பிலிருந்து பார்க்கும் வேகத்தையும் ஸ்கோப் வேகத்தையும் ஒன்றாகக் கட்டிப்போட வேண்டிய அவசியமே இல்லை.

ஏபெக்ஸில் 4-3 லினியர் என்று நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த 4 சாதாரணப் பார்வைக்கு, 3 ஸ்கோப்புக்கு. 1 முதல் 8 வரைதான் படி, ஆட்டம் தருவது 3. மேம்பட்ட செட்டிங்கைத் திறந்தால் எக்ஸ்ட்ரா யா என்று ஒன்று இருக்கும். ஸ்டிக்கை விளிம்பில் வைத்து அழுத்தினால் மட்டும் பக்கவாட்டில் கூடுதல் வேகம், எவ்வளவு தாமதித்து ஏறவேண்டும் என்பதையும் நீங்களே வைக்கலாம். சுழல்பந்து கேட்கும் அரை நொடித் திரும்பல் அதில் கிடைக்கிறது, மெதுவடை கேட்கும் நிதான நடுப்பகுதியும் கெடாது.

சுழல்பந்து

துரை அண்ணே, பேப்பரில் அழகாக இருக்கிறது. கையில் இல்லை. எக்ஸ்ட்ரா யா வைத்து ஆடிப் பார்த்திருக்கிறேன். விளிம்புக்கு முந்தி வரை ஒரு வேகம், விளிம்பில் தொட்டதும் திடீரென்று வேறு வேகம். கிட்டத்தில் ஒருவன் உங்களைச் சுற்றி ஓடும்போது ஸ்டிக் விளிம்பிலேயேதான் இருக்கும். அவனைத் தொடர்ந்துகொண்டே இருக்கையில் இடையில் வேகம் ஏறினால் குறி அவனைத் தாண்டிப் போய்விடும். சீராக ஒரே வேகம் வேண்டும், அது உயரமாக வேண்டும். நான் 5-4 லினியர், எக்ஸ்ட்ரா யா பூஜ்யம்.

எய்ம் அசிஸ்ட் பற்றி மெதுவடை சொன்னதற்கும் பதில். வேகக்குறைப்பு மட்டுமா எய்ம் அசிஸ்ட்? எதிரி நகரும்போது குறியையும் கூடவே கொஞ்சம் திருப்பிவிடும் சுழற்சி உதவி இருக்கிறதே. கால் ஆஃப் டூட்டியில் அது நன்றாக வேலைசெய்ய, நடப்பதற்கான இடது ஸ்டிக்கும் அசைந்துகொண்டிருந்தால் நல்லது. நின்ற இடத்தில் நின்று வலது ஸ்டிக்கால் மட்டும் தேடுபவர்களுக்கு அது அவ்வளவாகக் கிடைப்பதில்லை. கிட்டச் சண்டையில் பாதிக் குறியைக் கால்தான் பார்க்கிறது. இடம் வலமாக நகர்ந்துகொண்டே சுடுங்கள் பூரணி, ஊஞ்சலாட்டம் பாதி அங்கேயே நிற்கும்.

மெதுவடை

அதைத்தானே நானும் சொல்கிறேன்! கால்தான் குறி பார்க்கிறது என்றால் விரலுக்கு எதற்கு 12?

சுழல்பந்து

கால் குறியை வைத்திருக்கும். குறியை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது விரல்.

ராத்திரி_லாபி

எஃப்ஓவி-யை (திரையில் எவ்வளவு அகலம் தெரிகிறது என்ற கோணம்) யாரும் தொடவில்லை. ஏபெக்ஸில் 110 வைத்தால் அகலமாகத் தெரியும், ஆட்கள் சின்னதாவார்கள், அதே சென்ஸ் மெதுவாக இருப்பதுபோல் தோன்றும். 70-இல் எல்லாம் பெரிதாக, வேகமாக ஓடும். சென்ஸ் பழகிய பிறகு எஃப்ஓவி-யை மாற்றிவிட்டு "கை போச்சு" என்று புலம்புபவர்கள் உண்டு. முதலில் அதை ஒரு இடத்தில் நிறுத்துங்கள்.

ஸ்டிக் மேல் மாட்டும் உயரத் தொப்பியும் பரவாயில்லாத செலவு. ஸ்டிக் நீளமானால் அதே கோணத்துக்கு விரல் அதிக தூரம் போக வேண்டும், ஆகவே வேகமான சென்ஸிலும் நிதானம் கிடைக்கும். மெதுவடைக்கு அது தேவையில்லை, அவர் ஏற்கெனவே மாட்டுவண்டியில்தான் போகிறார்.

பூரணி

துரை சொன்னதை முதலில் பார்த்தேன். என்னுடையது ஸ்டாண்டர்டு கர்வ், டெட்ஸோன் எப்போதோ ஏற்றிவைத்தது அப்படியே கிடந்திருக்கிறது. டெட்ஸோனை இறக்கினேன், டைனமிக் போட்டேன், சென்ஸ் 8, ஸ்கோப் பெருக்கல் 0.85. ஊஞ்சல் நின்றது. திரும்புவது 12 அளவுக்கு இல்லை, ஆனால் 6-இல் இருந்த தவிப்பும் இல்லை. ஏபெக்ஸில் 4-3 லினியர், எக்ஸ்ட்ரா யாவைத் தொடவில்லை, சுழல்பந்து சொன்னது பயமுறுத்திவிட்டது.

ஒரே ஒரு கேள்வி. ஸ்குவாட் நண்பன் இப்போது செங்குத்து சென்ஸைக் கிடைமட்டத்தைவிடக் குறைத்து வை, ரீகாயில் (சுடும்போது துப்பாக்கி மேலே எகிறுவது) அடங்கும் என்கிறான். 8-7 வைக்கலாமா?

மெதுவடை

வையுங்கள். ஆட்கள் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் ஓடுகிறார்கள். மேலே கீழே போவது ரீகாயிலை இழுக்க மட்டும், அதற்கு நிதானம்தான் வேண்டும்.

சுழல்பந்து

வைக்காதீர்கள். பக்கவாட்டு வேகத்துக்கும் செங்குத்து வேகத்துக்கும் உதாரணத்துக்கு 6-க்கு 5 என்று விகிதம் வந்தால், ஸ்டிக்கைச் சரியாக 45 டிகிரி சாய்வில் தள்ளும்போது குறி ஏறக்குறைய 40 டிகிரியில்தான் போகும். ஜம்ப் பேடில் பறப்பவனை, மாடியிலிருந்து குதிப்பவனைத் தொடரும்போது விரல் காட்டுவது ஒரு திசை, குறி போவது ஒரு திசை. ரீகாயிலுக்கு வேகம் குறைந்தால் ஸ்டிக்கை இன்னும் கீழே இழுக்க வேண்டும், அவ்வளவுதான், எதுவும் அடங்காது.

டெட்ஸோன் துரை

ஸ்டிக்கை இன்னும் இழுக்க வேண்டும் என்பதே சிலருக்கு நல்லதுதான். மெல்லிய ரீகாயில் உள்ள துப்பாக்கியில் விரல் லேசாக நடுங்கினாலும் குறி கீழே குத்தாது. ஆனால் ஏபெக்ஸில் முக்கால்வாசிச் சண்டை ஆள் காற்றில் இருக்கும்போதுதான், அங்கே சமமாக வையுங்கள். வார்ஸோனில் 8-7 வைத்து, ஃபயரிங் ரேஞ்சில் ஒரு சுவரில் முழு மேகஸினையும் காலிசெய்து குண்டுத் துளைகள் எப்படி விழுகின்றன என்று பாருங்கள். அப்புறம் 8-8.

மெதுவடை

5-4-உம் ஒரு மேகஸின் போட்டுப் பாருங்கள்.